எல்.பி.என். தாதித் தொழில்: ஓராண்டுப் படிப்பும் அதன் பெறுமதியும்

வெளிநாட்டில் வாழும் உறவினருடன் தொலைபேசியில் பேசும் எமது குடும்பங்களில் இப்பொழுது ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகின்றது. "மாமி, மூத்தவள் எல்.பி.என். படிக்கப் போறாள்" என்று மருமகள் அங்கிருந்து சொல்வாள். "அது நேர்ஸ் வேலைதானே பிள்ளை? ஒரு வருசத்திலே நேர்ஸ் ஆகலாமோ? அவளை டொக்டருக்கு விட்டால் என்ன?" என்று மாமி இங்கிருந்து கேட்பார். இருவருமே முழு விபரம் அறியாமல் பேச்சை முடித்துக்கொள்வர்.

அதே சொல்லை வேறொருவரும் பயன்படுத்துகின்றார். "ஒரு வருடப் படிப்பு, அதன்பின் அமெரிக்காவிலே வேலை, குடும்பத்தோடு குடியேறலாம்" என்று ஆசை காட்டிப் பணம் கேட்கும் முகவர் அவர். அவருடைய பேச்சை நம்பிக் காணியை ஈடு வைக்கும் நிலைக்கு ஒரு குடும்பம் வரலாம். ஆகவே இத்தொழிலைப் பற்றிச் சரியாக அறிந்துகொள்வது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பயன் தரும். எல்.பி.என். என்பவர் யார், அவர் எப்படித் தகுதி பெறுகின்றார், அவருக்கு வேலையும் ஊதியமும் எவ்வாறு உள்ளன, அவர் மேலே செல்ல வழியுண்டா, இங்கிருந்து செல்ல விரும்புவோருக்கு அது ஏற்றதா என்ற ஐந்து கேள்விகளையும் ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. எல்.பி.என். என்பவர் யார்?

லைசன்ஸ்ட் பிரக்டிக்கல் நேர்ஸ் என்பதன் சுருக்கமே எல்.பி.என். ஆகும். அனுமதிப்பத்திரம் பெற்ற செயல்முறைத் தாதி என்று தமிழில் சொல்லலாம். கலிபோர்னியா, ரெக்சாஸ் ஆகிய இரு மாநிலங்களிலும் இவரை எல்.வி.என். என்பர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், அதாவது எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ உள்ள மாகாணத்தில், இவருக்கு ஆர்.பி.என். என்று பெயர். கனடாவின் ஏனைய ஆங்கில மாகாணங்களில் எல்.பி.என். என்றே வழங்குவர். பெயர் வேறுபட்டாலும் படிநிலை ஒன்றே.

அமெரிக்க வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் தாதிப் பணி மூன்று படிகளாக உள்ளது. கீழ்ப்படியில் தாதி உதவியாளர் நிற்கின்றார். நோயாளரைக் குளிப்பாட்டல், உடை மாற்றல், உணவூட்டல், எழுப்பி நடத்தல் ஆகியன இவரது கடமைகள். இவருக்குச் சில வாரப் பயிற்சியே தேவை. மேற்படியில் ஆர்.என். எனப்படும் பதிவுபெற்ற தாதி நிற்கின்றார். இவர் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் படித்தவர். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளவரே எல்.பி.என். ஆவார்.

குருதி அமுக்கம், நாடித்துடிப்பு, உடல்வெப்பம் ஆகியவற்றை அளந்து பதிதல், மருந்து கொடுத்தல், ஊசி ஏற்றல், புண்ணுக்கு மருந்து கட்டுதல், சிறுநீர்க் குழாய் பொருத்துதல், குழாய் மூலம் உணவு செலுத்துதல், நோயாளரிடம் காணும் மாற்றத்தை உடனே மேலே அறிவித்தல் ஆகியன எல்.பி.என். செய்யும் பணிகள். முதியோர் இல்லங்களில் தாதி உதவியாளரை மேற்பார்வை செய்யும் பொறுப்பும் இவருக்கு வருவதுண்டு. எனினும் இவர் வைத்தியரின் அல்லது பதிவுபெற்ற தாதியின் வழிநடத்தலிலேயே வேலை செய்ய வேண்டும். புதிதாக வந்த நோயாளரை முழுமையாக ஆராய்ந்து பராமரிப்புத் திட்டம் வகுப்பது பதிவுபெற்ற தாதியின் கடமை. இரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்தும் உரிமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். எது செய்யலாம், எது செய்யக்கூடாது என்பதை ஒவ்வொரு மாநிலத்தின் தாதியர் சட்டமும் வரையறுத்துள்ளது. அந்த எல்லையைத் தாண்டினால் அனுமதிப்பத்திரமே பறிபோகலாம்.

ஆகவே "அது நேர்ஸ் வேலைதானே?" என்ற மாமியின் கேள்விக்கு, ஆம் என்பதே பதில். சட்டப்படி தாதி என்ற பெயரும் பொறுப்பும் உடையவர்தாம். ஆனால் எமது நாட்டு அரச வைத்தியசாலைகளில் மூன்றாண்டுப் பயிற்சி பெற்றுக் கடமை புரியும் தாதியோடு அவரை ஒரே படியில் வைத்துப் பார்க்கக் கூடாது. அந்தப் படிக்கு அங்கே ஒப்பாக இருப்பவர் பதிவுபெற்ற தாதியே.

2. இத்தொழில் எவ்வாறு உருவாயிற்று?

பழைய காலத்தில் நோயாளரை வீட்டிலேயே பராமரித்தனர். அமெரிக்காவிலும் அப்படித்தான். அயலில் அனுபவமுள்ள பெண்ணொருவர் வந்து பிள்ளைப்பேற்றையும் நோயையும் கவனிப்பார். அவருக்குப் படிப்பும் இல்லை, பத்திரமும் இல்லை. இத்தகைய பெண்களுக்கு ஒழுங்கான பயிற்சி கொடுக்கும் முயற்சி 1892 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தினரால் ஆரம்பிக்கப்பட்டது. ஏறக்குறைய மூன்று மாதப் பயிற்சி அது. 1907 இல் வெர்மொன்ற் மாநிலத்தின் பிறற்றில்பரோ என்னும் ஊரில் இன்னொரு பாடசாலை தோன்றியது.

பயிற்சி வந்தபின் சட்டமும் வந்தது. 1914 இல் மிசிசிப்பி மாநிலம் செயல்முறைத் தாதியருக்கான முதலாவது சட்டத்தை இயற்றியது. கூலிக்குத் தாதி வேலை செய்யும் எவரும் அனுமதிப்பத்திரம் பெற்றே தீர வேண்டும் என்ற கட்டாயச் சட்டத்தை 1938 இல் நியூயோர்க் முதலில் நிறைவேற்றியது. இரண்டாம் உலகப் போரின்போது பதிவுபெற்ற தாதியர் பலர் படையினருக்குப் பணி செய்யச் சென்றனர். உள்நாட்டு வைத்தியசாலைகளில் ஆட்பற்றாக்குறை ஏற்பட்டது. அவ்வெற்றிடத்தை நிரப்பச் செயல்முறைத் தாதியர் வேகமாகப் பயிற்றப்பட்டனர். 1955 அளவில் எல்லா மாநிலங்களிலும் இவர்களுக்கான சட்டம் இருந்தது.

இவ்வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தொழில் தேவையிலே பிறந்தது. எங்கே ஆள் போதாதோ அங்கே இவர்களை அழைத்தனர். ஆள் போதும் என்று கண்ட இடத்தில் இவர்களைக் குறைத்தனர். இன்றைய வேலைவாய்ப்பை விளங்கிக்கொள்ளவும் இதுவே திறவுகோல்.

3. தகுதி பெறும் வழி

அமெரிக்காவில் இப்பாடநெறி முழுநேரமாகப் படித்தால் ஏறக்குறைய 12 மாதங்கள் ஆகும். உயர்நிலைப் பாடசாலைக் கல்வியை முடித்திருக்க வேண்டும், அல்லது அதற்குச் சமமான பரீட்சையில் சித்தி பெற்றிருக்க வேண்டும். குற்றப் பதிவு உண்டா என்று விசாரிப்பர். தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், மருந்தியல், போசாக்கு, தாய் சேய் பராமரிப்பு, முதியோர் பராமரிப்பு ஆகியன பாடங்கள். பாதி நாள் வகுப்பறையிலென்றால் பாதி நாள் வாட்டிலே நோயாளர் அருகில் என்று படிப்பு நடக்கும். மருந்தின் அளவைக் கணக்கிடும் பாடத்தில் பலர் இடறுகின்றனர். கணிதத்தில் பின்னிற்கும் பிள்ளை பாடநெறி தொடங்குமுன் பின்னம், தசமம், விகிதம் ஆகியவற்றை மீட்டுக்கொள்வது நல்லது.

பாடநெறியை முடித்தால் மட்டும் போதாது. என்.சி.எல்.இ.எக்ஸ். பி.என். என்னும் பரீட்சையில் சித்தி பெற வேண்டும். இது கணினியில் நடக்கும் பரீட்சை. ஆகக் குறைந்தது 85, ஆகக் கூடியது 150 வினாக்கள். ஐந்து மணித்தியாலம் அவகாசம். இப்பரீட்சையின் முறை எமது க.பொ.த. பரீட்சை போன்றதன்று. ஒரு வினாவுக்குச் சரியாக விடையளித்தால் அடுத்த வினா சற்றுக் கடினமாக வரும். பிழைத்தால் சற்று எளிதாக வரும். பரீட்சார்த்தி தகுதியானவரா இல்லையா என்பது 95 வீதம் உறுதியானதும் கணினி தானாகவே நிறுத்திவிடும். ஆகவே வினாக்கள் சீக்கிரம் முடிந்தால் சித்தி என்றோ, நீண்டால் தோல்வி என்றோ கொள்ளக் கூடாது. புள்ளி கிடையாது. சித்தி அல்லது சித்தியின்மை என்பதே முடிவு. தவறியவர் 45 நாட்களுக்குப் பின் மீண்டும் எழுதலாம். சில மாநிலங்கள் இதைவிடக் கடுமையான விதி வைத்துள்ளன.

சித்தி பெற்றவருக்கு மாநிலத் தாதியர் சபை அனுமதிப்பத்திரம் வழங்கும். ஒரு மாநிலத்தின் பத்திரத்தோடு இன்னொரு மாநிலத்தில் வேலை செய்ய இடமளிக்கும் உடன்படிக்கையொன்று ஏறத்தாழ 40 மாநிலங்களுக்கிடையே உள்ளது. 2024 இல் நியூயோர்க்கும் கலிபோர்னியாவும் அதில் சேர்ந்திருக்கவில்லை. கணவனின் வேலைக்காக மாநிலம் மாறும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

கனடாவில் நிலை சற்று வேறு. ஒன்ராறியோவில் ஆர்.பி.என். ஆவதற்கு ஓராண்டு போதாது. அங்கே இது இரண்டு ஆண்டு டிப்ளோமாப் படிப்பு. 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஆர்.இ.எக்ஸ். பி.என். என்ற புதிய பரீட்சை நடத்தப்படுகின்றது. ஆகவே "அங்கே ஒரு வருடத்தில் முடியுமாமே" என்று ரொறன்ரோவில் உள்ள பிள்ளையை நெருக்குவது பொருந்தாது.

4. வேலையும் ஊதியமும்

அமெரிக்காவில் ஏறத்தாழ ஆறரை இலட்சம் எல்.பி.என். தாதியர் வேலை செய்கின்றனர். இவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் முதியோர் இல்லங்களிலும் அவை போன்ற நீண்டகாலப் பராமரிப்பு நிலையங்களிலும் உள்ளனர். ஏனையோர் வைத்தியசாலைகள், வைத்தியரின் தனியார் நிலையங்கள், வீடு சென்று பராமரிக்கும் சேவைகள் ஆகியவற்றில் உள்ளனர்.

வைத்தியசாலையைக் காட்டிலும் முதியோர் இல்லத்தில் இவர்கள் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வைத்தியசாலைகளில் இன்று தங்குவோர் கடும் நோயாளர். சிறு நோயாளரை விரைவில் வீட்டுக்கு அனுப்பிவிடுவர். கடும் நோயாளருக்குப் பதிவுபெற்ற தாதியே வேண்டுமென்று பெரிய வைத்தியசாலைகள் கருதின. 2010 இல் அமெரிக்க மருத்துவ நிறுவகம் வெளியிட்ட அறிக்கையொன்று, 2020 ஆம் ஆண்டுக்குள் தாதியரில் 80 வீதத்தினர் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் எனச் சிபாரிசு செய்தது. அதன்பின் பட்டம் பெற்ற தாதியரைத் தேடும் போக்கு இன்னும் வலுத்தது. எனவே பெரிய நகரத்துப் புகழ்பெற்ற வைத்தியசாலையில் வேலை என்ற கனவோடு எல்.பி.என். படிப்பவர் ஏமாற்றமடையலாம்.

முதியோர் பராமரிப்பில் நிலைமை எதிர்மாறானது. போருக்குப் பின் 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் மிகப் பெருந்தொகையான குழந்தைகள் பிறந்தன. அத்தலைமுறையின் மூத்தவர்கள் 2011 இல் 65 வயதை எட்டினர். 2030 அளவில் அவர்கள் அனைவரும் 65 வயதைக் கடந்திருப்பர். சலரோகம், பாரிசவாதம், மறதி நோய் ஆகியவற்றோடு நீண்டகாலம் வாழும் முதியோருக்கு நாள்தோறும் மருந்து கொடுக்கவும் புண் கட்டவும் ஆள் வேண்டும். எல்.பி.என். தாதிக்குரிய வேலை அங்கேதான் இருக்கின்றது.

இனி எண்களைப் பார்ப்போம். அமெரிக்கத் தொழில் திணைக்களம் 2023 மே மாதத்துக்கு வெளியிட்ட நடுத்தர ஆண்டு ஊதியங்கள் இவை. தாதி உதவியாளருக்கு ஏறக்குறைய 38,000 டொலர். எல்.பி.என். தாதிக்கு ஏறக்குறைய 59,700 டொலர். பதிவுபெற்ற தாதிக்கு ஏறக்குறைய 86,000 டொலர். நடுத்தரம் என்றால் பாதிப்பேர் இதற்கு மேலும் பாதிப்பேர் இதற்குக் கீழும் பெறுகின்றனர் என்பது பொருள். மணிக்கணக்கில் பார்த்தால் எல்.பி.என். தாதிக்கு 28 டொலருக்குச் சற்று மேல் வருகின்றது. இரவுக் கடமைக்கும் வாரஇறுதிக் கடமைக்கும் பல இடங்களில் மேலதிகக் கொடுப்பனவு உண்டு.

இந்த டொலரை ரூபாவால் பெருக்கிப் பார்த்து மகிழ்வது எமது வழக்கம். அது பிழையான கணக்கு. வரி, வீட்டு வாடகை, கார், காப்புறுதி, பிள்ளை பராமரிப்பு எல்லாம் டொலரிலேயே போகின்றன. சம்பாதிக்கும் நாட்டில் என்ன மிஞ்சும் என்பதே சரியான கேள்வி.

எதிர்காலத்தைப் பற்றியும் அதே திணைக்களம் ஒரு மதிப்பீடு செய்தது. 2023 முதல் 2033 வரை எல்.பி.என். வேலைகளின் தொகை 3 வீதமே கூடும் என்றது. பதிவுபெற்ற தாதிக்கு 6 வீதம். 3 வீதம் என்றதும் "எதிர்காலம் இல்லாத தொழில்" என்று முடிவு கட்டுவோர் உளர். அவர்கள் மற்றொரு எண்ணைப் பார்ப்பதில்லை. ஓய்வு பெறுவோரும் வேறு தொழிலுக்குச் செல்வோரும் விட்டுச்செல்லும் இடங்களையும் சேர்த்தால் ஆண்டுதோறும் 54,000 அளவில் வேலைவாய்ப்புக் கிடைக்கும் என்றும் அதே மதிப்பீடு கூறுகின்றது. தொழில் வேகமாக வளரவில்லை, ஆனால் வெற்றிடங்கள் தொடர்ந்து வருகின்றன. இரண்டும் உண்மை.

இன்னொரு உண்மையும் உண்டு. இத்தனை பேர் ஏன் விலகுகின்றனர்? வேலை கடினம் என்பதனால்தான். ஒரு தாதியின் பொறுப்பில் இருபது முப்பது முதியோர் விடப்படுவதுண்டு. தூக்கி எடுப்பதால் முதுகுவலி வருகின்றது. இரவும் ஞாயிறும் பெருநாளும் கடமை வருகின்றது. மறதி நோய் கொண்ட முதியவர் ஏசுவார், சிலவேளை அடிக்கவும் செய்வார். 2020 இல் கொவிட் நோய் பரவியபோது முதியோர் இல்லங்களிலேயே மரணங்கள் மலிந்தன. அங்கு நின்று கடமை செய்தவர்களில் இத்தாதியரும் அடங்குவர். நோயாளரின் உடலைத் தொட அருவருப்பவர், பொறுமையில்லாதவர், ஊதியத்தை மட்டும் எண்ணி வருபவர் ஆகியோர் இதில் நிலைக்கமாட்டார்.

எம்மவரில் சிலர், "படித்த பிள்ளை கழுவித் துடைக்கும் வேலைக்குப் போவதா?" என்று முகம் சுளிப்பர். தாயும் தகப்பனும் படுக்கையில் விழும்போது அதே கழுவித் துடைக்கும் கைகளையே நாமும் தேடுகின்றோம். அன்போடும் அறிவோடும் அதைச் செய்யப் பயின்றவருக்கு மரியாதை கொடுக்க மனமில்லாவிட்டால் குறை தொழிலில் இல்லை.

5. மேலே செல்லும் படி

எல்.பி.என். நிலையிலேயே ஒருவர் ஆயுள் முழுவதும் நிற்க வேண்டியதில்லை. பதிவுபெற்ற தாதியாக உயர இணைப்புப் பாடநெறிகள் உண்டு. அமெரிக்காவின் சமூகக் கல்லூரிகளில் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை படித்து, பதிவுபெற்ற தாதிக்குரிய பரீட்சையை எழுதலாம். அதன்பின் வேலை செய்துகொண்டே பட்டமும் பெறலாம். ஒன்ராறியோவிலும் ஆர்.பி.என். தாதியர் பட்டப்படிப்புக்குச் செல்ல இணைப்பு வழி இருக்கின்றது.

அப்படியானால் எவர் இப்படியில் ஏற வேண்டும், எவர் நேரே மேற்படிக்குச் செல்ல வேண்டும்? இரு உதாரணங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 18 வயதுப் பெண். பெற்றோர் உழைக்கின்றனர். பாடசாலையில் விஞ்ஞானம் நன்றாகச் செய்திருக்கின்றாள். சமூகக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தாலே அவள் பதிவுபெற்ற தாதிக்குரிய பரீட்சையை எழுதலாம். எல்.பி.என். ஓராண்டு, பின் இணைப்பு ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டு என்று சுற்றிச் சென்றாலும் காலம் குறையப் போவதில்லை. இணைப்புப் பாடநெறியில் இடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இப்பிள்ளைக்கு நேர்வழியே நல்லது. நேர்வழியில் இடம் கிடைக்க நெடுங்காலம் காத்திருக்க வேண்டி வந்தால் மட்டும் எல்.பி.என். பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது, 34 வயதுத் தாய். இரண்டு பிள்ளைகள். தாதி உதவியாளராக ஆண்டுக்கு 38,000 டொலர் உழைக்கின்றார். எல்.பி.என். ஆனால் ஆண்டுக்கு ஏறக்குறைய 21,700 டொலர் கூடும். பாடநெறிக்கு 15,000 டொலர் செலவாகின்றது என்றும், படிக்கும் ஆண்டில் அரைநேரம் மட்டும் வேலை செய்வதால் 19,000 டொலர் இழக்கின்றார் என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 34,000. வரியைக் கழியாமல் பார்த்தால், கூடிய ஊதியத்தால் அது ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மீளும். அதே படிப்பைத் தனியார் பாடசாலையொன்றில் 30,000 டொலர் கட்டி, வேலையை முற்றாக விட்டுப் படித்தால் மொத்தச் செலவு 68,000. மீள மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். வட்டிக்குக் கடன் வாங்கினால் இன்னும் நீளும். இத்தாய்க்கு எல்.பி.என். நல்ல படிதான். ஆனால் எந்தப் பாடசாலையில், எந்த முறையில் படிக்கின்றார் என்பதிலேயே இலாபமும் நட்டமும் தங்கியுள்ளன.

பாடசாலையைத் தெரியும்போது மூன்றை விசாரிக்க வேண்டும். மாநிலத் தாதியர் சபையின் அங்கீகாரம் உண்டா? அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவர் பரீட்சைக்கே தோற்ற முடியாது. கடந்த ஆண்டுகளில் எத்தனை வீதத்தினர் முதல் தடவையிலேயே சித்தி பெற்றனர்? பல மாநிலச் சபைகள் இதை வெளியிடுகின்றன. இங்கு படித்த பாடங்களைப் பின்னர் பதிவுபெற்ற தாதிப் படிப்புக்குக் கணக்கில் எடுப்பார்களா? இல்லையெனில் மீண்டும் முதலிலிருந்து படிக்க நேரும்.

6. இங்கிருந்து செல்ல விரும்புவோர் கவனத்துக்கு

முகவரின் வாக்குறுதியை இனி உரசிப் பார்ப்போம்.

அமெரிக்கக் குடிவரவு விதிகளில் ஆட்பற்றாக்குறையான தொழில்களுக்கென ஒரு தனிப் பட்டியல் உண்டு. பதிவுபெற்ற தாதியும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் அதில் உள்ளனர். அத்தொழிலாளருக்காக விண்ணப்பிக்கும் முதலாளி, உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. எல்.பி.என். அப்பட்டியலில் இல்லை. சிறப்புத் தொழிலாளருக்கான தற்காலிக எச். 1 பி. விசாவுக்கு, அவ்வேலைக்குப் பட்டம் அவசியமாக இருக்க வேண்டும். எல்.பி.என். வேலைக்குப் பட்டம் தேவையில்லை என்பதால் அந்தக் கதவும் திறக்காது. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளிநாட்டிலிருந்து வேலை விசாவில் வரும் எல்.பி.என். தாதியும் கல்வித் தகுதி, ஆங்கில அறிவு ஆகியவற்றைப் பரிசோதிக்கும் சான்றிதழைப் பெற்றாக வேண்டும். எனவே "ஒரு வருடம் படித்தால் குடியேறலாம்" என்பது விதிகளோடு பொருந்தாத பேச்சு.

இதன் பொருள் வழியே இல்லை என்பதன்று. எமது நாட்டில் க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்றாண்டுப் பயிற்சியை அல்லது பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டத்தை முடித்தவர், பதிவுபெற்ற தாதி என்ற மேற்படிக்கே நேராக முயலலாம். அவரது கல்விச் சான்றுகளை மதிப்பிடும் நிறுவனங்கள் உண்டு. அவர் எல்.பி.என். என்று கீழிறங்கத் தேவையில்லை. இங்கேயும் மதிப்புள்ள உத்தியோகம், அங்கேயும் மதிப்புள்ள தகுதி என இரு வகையிலும் பயன் தருவது அந்த வழியே. எல்.பி.என். படிப்பு, ஏற்கெனவே அந்நாட்டில் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ பெற்று வாழ்பவருக்கு ஏற்றது.

பணம் கொடுத்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று சொல்பவரை இன்னும் அஞ்ச வேண்டும். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 25 பேர் மீது அரசு வழக்குத் தொடுத்தது. மூன்று தாதியர் பாடசாலைகளின் பெயரில் 7,600 க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டமை அப்பொழுது வெளியாயிற்று. அவற்றில் பதிவுபெற்ற தாதிக்குரியனவும் எல்.பி.என். தாதிக்குரியனவும் இருந்தன. வாங்கியோரில் ஏறத்தாழ 2,400 பேர் அனுமதிப் பரீட்சையிலும் சித்தி பெற்றிருந்தனர். பின்னர் மாநிலச் சபைகள் தேடித் தேடி அனுமதிப்பத்திரங்களை இரத்துச் செய்தன. பல்லாயிரம் டொலர் கொடுத்தவர்கள் பணத்தையும் இழந்தனர், தொழிலையும் இழந்தனர், நற்பெயரையும் இழந்தனர். அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட நோயாளர் எத்தகைய ஆபத்தில் இருந்தனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பயிலாத கை கொடுக்கும் மருந்து உயிரைக் கொல்லும்.

ஒருவரது அனுமதிப்பத்திரம் உண்மையானதா என்பதை அமெரிக்கத் தாதியர் சபைகளின் கூட்டமைப்பு நடத்தும் நேர்சிஸ் என்ற பதிவேட்டில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பாடசாலையின் அங்கீகாரத்தை அந்தந்த மாநிலச் சபையின் பட்டியலில் பார்க்கலாம். முகவர் காட்டும் வர்ணப் பத்திரிகையைவிட இவ்விரண்டுமே நம்பத்தக்கவை. இங்குள்ளோர், அங்கு வாழும் உறவினர் ஒருவரைக் கொண்டு இவற்றைப் பார்ப்பிக்க ஒரு மாலைப்பொழுது போதும். பணம் கட்டுமுன் அந்த ஒரு மாலைப்பொழுதைச் செலவிடத் தயங்காதீர்கள்.

முடிவாக

எல்.பி.என். என்பது உண்மையான தொழில். ஓராண்டுப் படிப்பில் குடும்பத்தைத் தாங்கக்கூடிய ஊதியத்தை அது தருகின்றது. முதியோர் பெருகும் நாட்டில் அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். உழைத்துக்கொண்டே உயர விரும்பும் தாய்மாருக்கும், புதிதாகக் குடியேறிச் சிறு வேலைகளில் களைத்துப்போனவர்களுக்கும் அது உறுதியான படி. ஆனால் அது மேற்படியன்று, குடிவரவுச் சீட்டுமன்று. இளம் பிள்ளைக்கு நேர்வழி திறந்திருக்குமானால் அவ்வழியே செல்லட்டும்.

குடும்பமாகக் கலந்துரையாட:

1. பிள்ளை தாதித் தொழிலை விரும்பிக் கேட்கின்றாளா, அல்லது ஊதியத்தைக் கேள்விப்பட்டு நாம் அவளைத் தள்ளுகின்றோமா?

2. முதியவர் ஒருவரை ஒரு கிழமையாவது அவள் பராமரித்துப் பார்த்திருக்கின்றாளா? பாட்டியின் மருந்து நேரத்தைக் கவனிக்கும் பொறுப்பை இன்று முதல் அவளிடம் கொடுத்துப் பார்த்தால் என்ன?

3. அவள் படிக்கும் ஆண்டில் வீட்டுச் செலவை யார் தாங்குவர்? கடன் எடுத்தால் எத்தனை ஆண்டில் தீரும்? கடதாசியில் எழுதிக் கணக்குப் பார்த்தோமா?

4. பாடசாலையின் அங்கீகாரத்தை யார் விசாரித்தார்? விசாரித்தவர் அதனால் இலாபம் பெறுபவரா, பெறாதவரா?

5. மகன் ஒருவன் இத்தொழிலைக் கேட்டால் எமது பதில் என்ன? ஆண்களும் இப்பணியில் இருக்கின்றனர் என்பதை நாம் அறிவோமா?

இவ்வைந்து கேள்விகளுக்கும் வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும் நேரத்தில் ஒளிவுமறைவின்றி விடை காணுங்கள். விடை கிடைத்தபின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பலாம்.